நீரிணையைக் கடந்த கதை: பட்டர்வொர்த் வழியாகத் தொழில்நுட்ப வரலாறு



"தொழில்நுட்ப வளர்ச்சி சமுதாயத்தில் ஏற்படுத்திய மாற்றங்களை விளக்குக." இப்படி ஒரு கேள்வி வந்தால் நம் மாணவர்கள் என்ன எழுதுவார்கள்? ஆசிரியர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நீராவி இயந்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. போக்குவரத்து எளிதானது. பொருளாதாரம் வளர்ந்தது. மக்களின் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது. நாலு வரி, நாலு கருத்து, முடிந்தது.

இதில் எந்த வரியும் பொய்யில்லை. ஆனால் எந்த வரியிலும் ஆள் இல்லை. எந்த மக்கள்? எந்த ஊர்? யாருக்கு எளிதானது? அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத பதில், எந்த நாட்டுக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பதிலில் வரலாறு குறைவாகத்தான் இருக்கும்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்த பட்டர்வொர்த். பினாங்குத் தீவுக்கும் இந்த ஊருக்கும் நடுவே கிடக்கும் குறுகலான கடல், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலம். அந்தக் கடலைக் கடக்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்று மட்டும் பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. இந்தத் தொழில்நுட்பம் யாருக்குத் தேவைப்பட்டது?
2. யார் உழைப்பில் அது ஓடியது?
3. அதனால் யாருக்கு வாழ்க்கை எளிதானது?
4. யார் பிழைப்பு போனது, அல்லது யார் காத்துக்கிடக்க நேர்ந்தது?

கரும்பும் நீராவியும்

1786ல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கினார். 1800ல் எதிர்க்கரையும் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய செபராங் பிறை அதுதான். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரே நம் ஊருக்கு வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு இது இன்றைக்கும் 'பாகான்'தான்.

அந்தக் காலத்தில் கடலைக் கடக்கச் சம்பான் படகுதான். துடுப்பு, பாய், காற்று, ஆள்பலம். தீவுக்கு எதிர்க்கரை தேவைப்பட்டது அரிசிக்கும் காய்கறிக்கும். எதிர்க்கரைக்குத் தீவு தேவைப்பட்டது சந்தைக்கு. படகு மெதுவாகப் போனாலும் யாருக்கும் பெரிய நட்டமில்லை.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. செபராங் பிறையில் ஐரோப்பிய முதலாளிகளின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து காவான், நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா போன்ற தோட்டங்கள் அந்தக் காலத்துப் பெயர்கள். கரும்பு ஆலையில் நீராவி இயந்திரம் வந்தது.

இங்கே மாணவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெட்டிய கரும்பைப் போட்டுவைக்க முடியாது. சீக்கிரம் பிழியாவிட்டால் சாறு புளித்துப்போகும், சர்க்கரை குறையும். நீராவி ஆலையோ பெரிய முதலீடு. அது சும்மா நின்றால் நட்டம். ஆக, ஆலைக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வெட்டும் ஆட்கள், சுமக்கும் ஆட்கள், கொதிகலனுக்கு விறகு போடும் ஆட்கள் எல்லாம் நிச்சயமாகக் கிடைக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

அந்த 'விட்டுப்போகக் கூடாது' என்ற தேவைக்குக் கிடைத்த விடைதான் ஒப்பந்தக் கூலி முறை. தமிழகத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட சஞ்சிக்கூலிகள் பயணச் செலவைக் கடனாகச் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. மீறினால் தண்டனை. இயந்திரம் மனித உழைப்பைக் குறைக்கும் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். செபராங் பிறையில் நீராவி ஆலை வந்தபோது கூடுதல் ஆட்களும், கூடுதல் கட்டுப்பாடும் தேவைப்பட்டன. ஒப்பந்தக் கூலி முறை 1910ல் ஒழிக்கப்பட்டபோது, கரும்பின் இடத்தை ரப்பர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ரப்பருக்குக் கங்காணி முறை ஆள் கொண்டுவந்தது. அது 1938 வரை நீடித்தது.

கப்பல், ரயில், தண்டவாளமில்லாத நிலையம்

பாய்மரக் கப்பல் காற்றை நம்பியது. நீராவிக் கப்பலுக்குக் கால அட்டவணை உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து இன்ன நாள் புறப்பட்டு இன்ன நாள் பினாங்கு வந்து சேரும் என்று சொல்ல முடிந்ததால்தான், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைத் திட்டமிட்டுக் கொண்டுவர முடிந்தது. நம் குடும்பங்களில் இன்னும் பேசப்படும் 'ரஜூலா' கப்பல் 1926ல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் போய்வந்தது. தொடக்கக் காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச்செல்ல அனுமதி பெற்ற கப்பல் அது. அவர்களில் பெரும்பாலோருக்கு அறை கிடையாது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். பலருக்கு மலாயா மண்ணில் முதல் அனுபவம், புலாவ் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம்.

கப்பலில் வந்தவர்களையும், உள்நாட்டில் விளைந்த ஈயத்தையும் ரப்பரையும் நகர்த்த ரயில் வந்தது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. நீளம் 12.8 கிலோமீட்டர். அது மக்கள் பயணத்துக்காகப் போட்ட பாதையா? ஈயச் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பாதை. வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்: தொடக்ககாலப் பாதைகள் எல்லாமே சுரங்கத்திலிருந்து கடலை நோக்கித்தான் ஓடின. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் கொண்டுவரப்பட்டார்கள்.

பிறகு பாதைகள் ஒன்றோடொன்று இணைந்தன. 1903க்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியாக ரயில் ஓடியது. 1909ல் ஜொகூர் பாருவைத் தொட்டது. 1918ல் வடக்கே பாடாங் பெசார் வழியாகச் சயாம் பாதையோடு இணைந்தது. 1923ல் ஜொகூர் தாம்போதியின் வழியே சிங்கப்பூருக்கும் ரயில் போனது. தண்டவாளம் பராமரித்த கூலிப்படைகளில் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். நிலைய அதிகாரி, குமாஸ்தா வேலைகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் இருந்தார்கள். ஒரே ரயில், ஒரே மொழி பேசுகிறவர்கள். ஆனால் ஒருவர் மேசையில், மற்றவர் வெயிலில். புதிய தொழில்நுட்பம் ஏற்கெனவே இருந்த படிப்பு, சாதி, வர்க்க ஏற்றத்தாழ்வுகளைக் கலைத்துவிடவில்லை. அவற்றின் மேல்தான் அது ஏறி உட்கார்ந்தது.

தீவுக்கு மட்டும் ரயில் போக முடியவில்லை. நடுவில் கடல். அதற்கு ஆங்கிலேயர் கண்ட வழி வேடிக்கையானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ்டவுனில் மணிக்கூண்டோடு ஒரு பெரிய ரயில் நிலையக் கட்டடம் கட்டினார்கள். உள்ளே பயணச்சீட்டு விற்கும் இடம் எல்லாம் உண்டு. தண்டவாளம் மட்டும் கிடையாது! பயணி அங்கே சீட்டு வாங்கி, படகேறி, பிறைக்கு வந்து ரயில் பிடிப்பார். இன்று சுங்கத்துறை அலுவலகமாக இருக்கும் கட்டடம் அதுதான். மாணவர்களை ஜார்ஜ்டவுனுக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்கள் இதைத் தவறாமல் காட்டுங்கள். 1967ல் பிறை ஆற்றின் மேல் ரயில் பாலம் அமைந்த பிறகுதான் நிலையம் பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடம் மாறியது.

ரயிலைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. 1942ல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். அதற்குத் தேவையான தண்டவாளத்தில் ஒரு பகுதியை மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்தே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆட்களையும் அப்படித்தான். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டார்கள். புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் பாடாங் பெசாருக்குப் போகும் மேற்குக்கரைப் பாதை, அதாவது 1918ல் இணைந்த அதே பாதை, அவர்களைச் சயாமுக்குக் கொண்டுபோனது. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானார்கள். 'ரயில் மக்களை இணைத்தது' என்று எழுதும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். தண்டவாளம் ஒன்றுதான். அது யார் கையில் இருந்தது, எதற்காக ஓட்டப்பட்டது என்பதுதான் மாறியது.

முதுகிலிருந்து பாரந்தூக்கிக்கு

துறைமுகத்துக்கு வருவோம். பெரிய கப்பல்கள் நீரிணையின் நடுவே நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கை ஏற்றிப்போனவை தொங்காங் படகுகள். பினாங்கில் இந்தத் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள், அதாவது சூலியாக்கள், பல தலைமுறையாக இருந்தார்கள். கரையில் மூட்டை சுமந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். அரிசி, சர்க்கரை, ரப்பர் எல்லாம் ஒவ்வொரு மூட்டையாக, ஒவ்வொரு பொதியாக, மனித முதுகில் ஏறி இறங்கின. ஒரு கப்பல் நாள்கணக்கில் நிற்கும். அது கப்பல் முதலாளிக்கு நட்டம். கூலிக்காரருக்கு அத்தனை நாள் சம்பளம்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. சரக்கைத் தனித்தனியாக ஏற்றாமல், பெட்டியோடு அப்படியே லாரியிலிருந்து கப்பலுக்குத் தூக்கி வைப்பது. இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. வெறும் இரும்புப் பெட்டிதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு என்று உடன்பாடு ஏற்பட்ட பிறகு, எந்தத் துறைமுகமும் அதை மறுக்க முடியவில்லை. 20 அடி, 40 அடி என்று நாம் இன்று சாலையில் பார்க்கும் கொள்கலன்கள் அவைதான்.

பட்டர்வொர்த்தின் வளர்ச்சியும் இதோடு சேர்ந்தது. கொள்கலனுக்கு ஆழமான கரை வேண்டும், பெட்டிகளை அடுக்க விரிந்த நிலம் வேண்டும், பக்கத்திலேயே ரயிலும் நெடுஞ்சாலையும் வேண்டும். நெருக்கமான ஜார்ஜ்டவுன் கரையில் இது முடியாது. பட்டர்வொர்த்தில் முடிந்தது. இன்று பினாங்குத் துறைமுகத்தின் கொள்கலன் வேலை தீவில் நடப்பதில்லை. வட பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் நடக்கிறது. துறைமுகம் கடலைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

நான்கு கேள்விகளையும் இங்கே போட்டுப்பாருங்கள். ஏற்றுமதியாளருக்குச் செலவு குறைந்தது. கடையில் வாங்கும் நமக்கும் வெளிநாட்டுப் பொருள் மலிவானது. பாரந்தூக்கி ஓட்டவும், கணினியில் பதிவு செய்யவும் படித்தவருக்கு நல்ல வேலை கிடைத்தது. தொங்காங் ஓட்டியவருக்கும் மூட்டை சுமந்தவருக்கும் தொழில் போனது. முதுகு ஒடியும் அந்த வேலை போனதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை என்று சொல்லலாம். அது சரிதான். ஆனால் அந்த வேலையை நம்பியிருந்த குடும்பம் அடுத்த மாதம் எதைத் தின்றது என்ற கேள்வியும் அதே அளவு சரிதான். நல்ல வரலாற்று விடை இரண்டையும் சொல்லும்.

பெர்ரியும் பாலமும்

நீரிணையில் முறையான நீராவிப் படகுச் சேவை 1894 முதல் நடந்துவருவதாகக் கணக்கு. முதலில் தனியார் நடத்தினார்கள். 1920களில் துறைமுக வாரியம் எடுத்துக்கொண்டது. மோட்டார் கார் பெருகியதும், காரையே ஏற்றிச்செல்லும் பெர்ரி வந்தது. ஒரு முனையில் வண்டி ஏறும், மறுமுனையில் இறங்கும். திருப்ப வேண்டிய அவசியமில்லை. பினாங்குக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பெர்ரிக்கு இன்னொரு குணம் உண்டு. கார்காரரும், மோட்டார் சைக்கிள்காரரும், நடந்து வந்தவரும் ஒரே படகில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் போனார்கள்.

1969ல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியது. அதற்கு மாற்றாக 1972ல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அதுவரை பால்மரத்தையும் அடுப்படியையும் மட்டுமே அறிந்திருந்த தோட்டத்துப் பெண்களுக்குக் கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கு வந்தது. சொந்தச் சம்பளம், சொந்தச் சேமிப்பு என்ற பேச்சு பல வீடுகளில் அப்போதுதான் தொடங்கியது. நுண்ணோக்கியில் கண் வைத்து மணிக்கணக்கில் செய்த வேலை, இரவு ஷிப்டு, கண்வலி ஆகியவையும் அந்தச் சம்பளத்தோடு சேர்ந்தே வந்தன.

தீவில் வேலை, பெருநிலத்தில் வீடு. சரக்கும் ஆளும் பெர்ரி வரிசையில் காத்துக்கிடந்தால் தொழிற்சாலை நடக்காது. 1985 செப்டம்பர் 14 அன்று பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். அதே ஆண்டில்தான் நாட்டின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகாவும் வந்தது. பாலமும் காரும் சேர்ந்து வந்தது தற்செயல் என்று மட்டும் பார்க்காதீர்கள். கனரகத் தொழில், நெடுஞ்சாலை, சொந்த வாகனம் என்ற வழியில் நாடு போகட்டும் என்று அன்றைய அரசு எடுத்த முடிவின் இரண்டு முகங்கள் அவை. பாலத்தில் ரயில் பாதை போட்டிருக்கலாம்; போடவில்லை. கார் வைத்திருப்பவருக்கு வழி பிறந்தது. இல்லாதவர் பஸ்ஸையோ பெர்ரியையோ நம்பினார். வண்டிகள் பெருகி, நான்கு தடப் பாலத்தை 2009ல் ஆறு தடமாக அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

2014 மார்ச் 1 அன்று இரண்டாம் பாலமும் திறந்தது. மொத்தம் 24 கிலோமீட்டர். அது பெருநிலத்தில் எங்கே வந்து இறங்குகிறது? பத்து காவானில். ஆம், நாம் மேலே பார்த்த அதே பத்து காவான். ஒரு காலத்தில் சஞ்சிக்கூலிகள் கரும்பு வெட்டிய மண்ணில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது.

1988 ஜூலை 31

பாலம் திறந்து மூன்று ஆண்டுகளுக்குள், பழைய தொழில்நுட்பம் ஒன்று நம் ஊரில் உயிர்களைப் பலிவாங்கியது. 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாவுக்கும், பினாங்கில் நடந்த சீனச் சமய விழாவுக்கும் போகிறவர்களும் வருகிறவர்களுமாகப் பட்டர்வொர்த் பெர்ரி முனையத்தில் பெருங்கூட்டம். பயணிகள் நின்றிருந்த மேல்தளம் இடிந்து கீழே விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,674 பேர் காயமடைந்தார்கள். அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

இதை ஏன் தொழில்நுட்ப வரலாற்றில் சேர்க்கிறோம்? புதிதாக ஒன்று வந்ததும் அரசின் பணமும் கவனமும் மக்களின் பேச்சும் அதன் பக்கம் திரும்பிவிடும். பழையதைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் அப்படியே இருப்பார்கள். அன்று அந்த மேடையில் நின்றவர்கள் யார்? கால்நடைப் பயணிகள், குடும்பத்தோடு விழாவுக்குப் போனவர்கள். ஒரு கட்டுமானம் கட்டி முடிந்த நாளோடு அதன் வரலாறு முடிவதில்லை. அதைப் பராமரிப்பது, எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்கு வைப்பது, கூட்டத்தை நிறுத்தும் துணிச்சல் இவையெல்லாமும் தொழில்நுட்பம்தான். பாடநூலில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். பராமரித்தவர் பெயர் இருக்காது.

பெர்ரி சாகவில்லை

பாலம் வந்ததும் பெர்ரி ஒழிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஒழியவில்லை. பாலம் திறந்து 35 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பர் இறுதியில்தான் பழைய பெரிய பெர்ரிகள் ஓய்வுபெற்றன. அதன்பின் கார்களை ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய பெர்ரிகள் வந்தன. அவை நடந்து வருபவர்களுக்கும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். 2015ல் மின்சார ரயில் பட்டர்வொர்த் வந்து சேர்ந்ததால், கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் ரயிலையும் படகையும் சேர்த்து ஒரே பயணமாக்கிய அதே ஏற்பாடு.

இங்கிலாந்து வரலாற்றாய்வாளர் டேவிட் எட்ஜர்ட்டன் 2006ல் எழுதிய நூலில் வலியுறுத்தும் கருத்து இதுதான்: எது எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்று மட்டும் எழுதினால் தொழில்நுட்ப வரலாறு பாதிதான், எது எவ்வளவு காலம், யாரால் பயன்படுத்தப்பட்டது என்பதே மறுபாதி.

மோட்டார் சைக்கிள் விஷயத்தையும் பாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. பாலத்தின் கான்கிரீட்டில் எதுவும் மாறவில்லை. ஓர் அரசாங்க முடிவு மட்டும்தான் மாறியது. ஆனால் தினமும் வேலைக்குப் போகும் ஒரு தொழிலாளிக்கு அந்தப் பாலமே வேறு பாலமாகிவிட்டது. தொழில்நுட்பம் சமுதாயத்தை மாற்றுகிறது என்பது பாதி உண்மை. சமுதாயம் தன் சட்டத்தாலும் கட்டணத்தாலும் போராட்டத்தாலும் தொழில்நுட்பத்தை மாற்றுகிறது என்பது மீதி.

விடைத்தாளில் இதை எப்படிக் கொண்டுவருவது?

மாணவர்களே, தேர்வில் நீங்கள் எழுதும் மொழி எதுவாகவும் இருக்கலாம். யோசிக்கும் முறை ஒன்றுதான். ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று படி வையுங்கள்: என்ன மாறியது, ஏன் மாறியது, யாருக்கு எப்படி மாறியது. கூடவே ஓர் இடம், ஓர் ஆண்டு. ஒரு மாதிரிப் பத்தி இதோ:

'மலாயாவின் தொடக்ககால ரயில் பாதைகள் ஈயச் சுரங்கங்களைத் துறைமுகங்களோடு இணைப்பதற்காகவே அமைக்கப்பட்டன. 1885ல் திறக்கப்பட்ட தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை இதற்குச் சான்று. இதனால் சுரங்க முதலாளிகளின் போக்குவரத்துச் செலவு குறைந்தது. துறைமுக நகரங்கள் வளர்ந்தன. அதே வேளையில், பாதை போடவும் பராமரிக்கவும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆகவே ரயிலின் பயன் எல்லாப் பிரிவினருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை.'

ஆறே வாக்கியம். இடம், ஆண்டு, காரணம், விளைவு, மதிப்பீடு எல்லாம் வந்துவிட்டன. 'மக்கள் பயனடைந்தனர்' என்ற வரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு திருத்துகிறவர் கண்ணில் உடனே படும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செபராங் பிறையில் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் ரயில்வேயில் இருந்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், தோட்டத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறியவர், பெர்ரியில் வேலைபார்த்தவர் எனப் பலரும் இருப்பார்கள். ஒரு வாரம் கொடுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் மூன்றே கேள்வி கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்: முதல் வேலைக்கு எப்படிப் போனீர்கள், என்ன கருவி அல்லது இயந்திரம் கையாண்டீர்கள், அந்த வேலை இப்போது இருக்கிறதா? வந்த பதில்களை ஆண்டுவாரியாக வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே பாடநூலின் காலக்கோட்டையும் ஒட்டுங்கள். இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். தொங்காங் படகில் வேலை செய்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். நீராவி ரயிலில் கரி அள்ளிப் போட்டவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் பேர் எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. பேரப்பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்திலாவது ஏறட்டும்.